மணல் முற்றத்தில் ஒரு சொட்டும் சிந்தாமல் மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றுதல்

வீட்டில் வைத்து ஒயில் மாற்றும்போது ஊத்தை படுவது பெரும்பாலும் மூன்று நேரத்தில்தான். எஞ்சினுக்கு அடியில் ஒயில் வடிக்கும் அடி நட்டு கழன்று கையை விட்டு நழுவும்போது. வடிந்த ஒயிலைத் தூக்கிக்கொண்டு போகும்போது. புது ஒயில் போத்தலைச் சரிக்கும்போது. இந்த மூன்றுக்கும் ஸ்பனரைக் கையில் எடுக்க முன்னமே வழி செய்துவிட வேண்டும். நட்டு கழன்ற பிறகு துணி தேடுவதிலோ தாச்சியை இழுத்து வைப்பதிலோ பயன் இல்லை.

சீமெந்துத் தரையில் சிந்தினால் துடைக்கலாம். வன்னியில் அனேகமான வீடுகளில் வேலை நடப்பது மணல் முற்றத்தில். மணலில் விழுந்த ஒயில் கீழே இறங்கும், மழைக்கு இன்னும் இறங்கும். அதே வளவுக்குள் கிணறு இருக்கிறது. ஆகவே நிலத்தில் விழாமல் பார்ப்பதை இந்த வேலையின் ஒரு பகுதியாகவே எடுத்து எழுதியிருக்கிறோம். 100 முதல் 150 சிசி வரையான கியர் வண்டிகளையும் ஸ்கூட்டிகளையும் மனதில் வைத்தே கீழே உள்ள அளவுகள் சொல்லப்படுகின்றன.

ஒயில்: எது, எவ்வளவு

கியர் வண்டியில் எஞ்சின், கியர்ப் பெட்டி, கிளச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் ஓடுகின்றன. கிளச் பிளேட்டுகள் ஒயிலில் ஊறியபடியே ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். அதனால் போத்தலின் பின்பக்கத்தில் ஜாசோ (JASO, ஜப்பானியத் தரக் குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார் ஒயில்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அது காருக்கு நல்லது, இங்கே கிளச்சை வழுக்க வைக்கும். பின்னால் ஆளையோ நெல் மூட்டையையோ ஏற்றிக்கொண்டு நாலாம் கியரில் முறுக்கும்போது எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி இழுக்காமல் நிற்பது அதன் முதல் அடையாளம்.

ஸ்கூட்டிக்கு ஜாசோ எம்பி குறி போட்ட ஒயில் வரும். அதன் கிளச் பெல்ட் பெட்டிக்குள் உலர்ந்தே இருப்பதால் அங்கே வழுக்கும் பயம் இல்லை. எம்பி ஒயிலைக் கியர் வண்டிக்கு விடக்கூடாது.

தடிப்பு விடயத்தில் வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதை மாற்ற வேண்டாம். 20டபிள்யூ-50 கேட்கும் எஞ்சினுக்கு அதையே விடுங்கள். 10டபிள்யூ-30 கேட்கும் ஸ்கூட்டிக்கு, வெயில் கடுமை என்று சொல்லித் தடித்த ஒயில் விடுவது தவறு. அந்த எஞ்சினின் ஒயில் பாதைகளும் பம்பும் மெல்லிய ஒயிலுக்கென்றே செய்யப்பட்டவை. டபிள்யூ எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண் குளிரில் ஸ்ரார்ட் பண்ணும்போது ஒயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுவது. மார்கழி, தை விடியற்காலையிலும் பெருங்குளிர் இல்லாத எங்கள் பக்கத்தில் அந்த எண்ணைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை.

அளவு வண்டிக்கு வண்டி மாறும். 100, 125 சிசி வண்டிகளுக்குப் பொதுவாக 800 மில்லி முதல் ஒரு லீற்றர் வரை, 150 சிசிக்கு ஒரு லீற்றர் முதல் 1.2 லீற்றர் வரை, ஸ்கூட்டிகளுக்கு 650 முதல் 800 மில்லி வரை. புத்தகத்தில் இரண்டு எண் இருக்கும். பெரிய எண் எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பூட்டும்போது விட வேண்டியது. வெறுமனே வடித்து மாற்றும்போது விட வேண்டியது சின்ன எண். உள்ளே மூலை முடுக்குகளில் தங்கும் பழைய ஒயில்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். பெரிய எண்ணைப் பார்த்து விட்டுவிட்டு, ஒயில் கூடிப்போய் எயார் பில்ரர் பெட்டிக்குள் ஒயில் வந்து நிற்பது கராச்களில் அடிக்கடி காணும் கேஸ்.

எடுத்து வைக்க வேண்டியவை

5 லீற்றர் பிளாஸ்ரிக் கான் ஒன்று, வெறுமையானது. படுக்க வைத்தால் வண்டிக்கு அடியில் நுழைய வேண்டும். இந்த வண்டிகளின் அடிக்கும் நிலத்துக்கும் இடையில் 15 முதல் 17 சென்ரிமீற்றர்தான் இருக்கும் என்பதால், படுத்த கானின் உயரம் 13 சென்ரிமீற்றரைத் தாண்டாமல் பார்த்து எடுங்கள். கானைப் படுக்க வைத்து, மேலே வரும் அகலப் பக்கத்தில் ஒரு ஜன்னல் வெட்டுங்கள். ஓரங்களில் மூன்று சென்ரிமீற்றர் விட்டு வெட்டினால் கான் வலுக் குறையாது. வாய் இருக்கும் பக்கம் மட்டும் எட்டு சென்ரிமீற்றர் வெட்டாமல் விடுங்கள். மூடி இறுக்கமாகப் பூட்டியே இருக்கட்டும். ஒயில் ஜன்னலால் உள்ளே விழும், பிறகு கானின் வாயால் வெளியே போகும். திறந்த தாச்சியைத் தூக்கி நடந்தால் ஒயில் தளம்பும், விளிம்பால் ஊற்றினால் அடிப்பக்கமாக வழிந்து கையில் இறங்கும். இந்தக் கானில் அந்த இரண்டு கரைச்சலும் இல்லை. ஒரு லீற்றர் ஒயில் உள்ளே இருக்கும்போது வாய்ப்பக்கத்தைச் சற்றுக் கீழே சரித்து மூடியைத் திறந்தால், வெட்டாமல் விட்ட அந்த எட்டு சென்ரிமீற்றருக்குள் ஒயில் சேர்ந்து நேராகப் போத்தலுக்குள் இறங்கும்.

கானுக்கு அடியில் விரிக்க ஒரு பலகைத் துண்டு அல்லது மடிப்பு விரித்த காட்போட் மட்டை, அதன் மேல் தடித்த பொலித்தீன். உரப்பையை மட்டும் விரித்தால் போதாது, பின்னல் இடைவெளியால் ஒயில் இறங்கிவிடும். பக்கத்தில் ஒரு பேணி மரத்தூள் அல்லது அடுப்புச் சாம்பல் வையுங்கள், சிந்தினால் உடனே போட. உமி இங்கே மலிவாகக் கிடைக்கும் என்றாலும் பச்சை உமி ஒயிலை அவ்வளவாக உறிஞ்சாது.

ஸ்பனர் ரிங் ஸ்பனராகவோ ஆறுமூலைச் சொக்கற்றாகவோ இருக்கட்டும். பல வண்டிகளில் அடி நட்டின் தலை 17 ஆம் நம்பர், உங்களுடையதை ஒருமுறை வைத்துப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். வாய் திறந்த ஸ்பனரும் அஜஸ்டபிள் ஸ்பனரும் இரண்டு முகத்தை மட்டும் பிடிப்பதால் இறுகிய நட்டின் மூலையை உருட்டிவிடும். உருண்ட நட்டைக் கழற்றப் பிறகு வெல்டிங் கடை வரை போக வேண்டி வரும்.

இன்னும் வேண்டியவை: நட்டுக்குப் புது வோசர், பில்ரர் இருந்தால் பில்ரரும் அதன் ஓ ரிங்கும் (றப்பர் வளையம்), பழந்துணி, ஒரு பழைய பல் பிரஷ், நீண்ட கழுத்துப் புனல், நாலைந்து சொப்பிங் பை, பாமசியில் வாங்கும் 50 மில்லி சிறிஞ் ஒன்றும் அதன் நுனியில் சொருக ஒரு முழ சேலைன் குழாயும். சிறிஞ் எதற்கென்று பின்னால் சொல்கிறோம்.

இடமும் நேரமும்

சோளகம் அடிக்கும் மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு முற்றத்தில் இந்த வேலை வேண்டாம். இரண்டு காரணம். கடைசியில் நூல் போல இறங்கும் ஒயிலைக் காற்றுக் கானுக்கு வெளியே இழுத்துவிடும். அதைவிட மோசம், திறந்திருக்கும் ஒயில் மூடித் துவாரத்துக்குள் மணல் போவது. விடியப்புறம் காற்று விழுந்திருக்கும் நேரம் நல்லது. இல்லாவிட்டால் காற்று வரும் பக்கம் ஒரு தகரத்தை நிறுத்திவிடுங்கள்.

வண்டி சமமாக நிமிர்ந்து நிற்க வேண்டும். மணலில் சென்ரர் ஸ்ராண்டின் இரண்டு காலும் ஒரே அளவாகப் புதையாது, அதனால் இரண்டு காலுக்கும் அடியில் ஒரே பலகையை வையுங்கள். சென்ரர் ஸ்ராண்ட் இல்லாத வண்டியாக இருந்தால் சைட் ஸ்ராண்டுக்கு அடியில் பலகை அடுக்கி வண்டியை நிமிர்த்தலாம். ஆனால் நிமிர்ந்து போனால் மறுபக்கம் சாயும். ஆகவே ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும், முன் ரயருக்கும் கட்டை வைக்க வேண்டும்.

எஞ்சின் சூடாகும் முன்னரே துப்புரவு செய்துவிடுங்கள். கிறவல் றோட்டில் ஓடும் வண்டியில் ஒயில் மூடியைச் சுற்றியும் அடி நட்டைச் சுற்றியும் செம்மண் ஒயிலோடு சேர்ந்து களியாகப் பிடித்திருக்கும். பல் பிரஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு அந்தக் களியை உரசி எடுத்துத் துணியால் துடையுங்கள். மூடியின் விளிம்புக்குக் கீழே, விரல் போகாத அந்தச் சின்ன வளையத்தில்தான் அதிகம் இருக்கும். மூடியைத் திருகும்போது உள்ளே உதிர்வது அதுதான். நட்டின் தலையில் பிடித்த களியால் ஸ்பனர் முழுதாக உட்காராமல் வழுக்குவதும் உண்டு.

பிறகு எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி மூன்று நான்கு நிமிடம் ஐடிலில் விடுங்கள், அல்லது ஒழுங்கை முனை வரை ஓடிவிட்டு வாருங்கள். நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுங்கள். ஒயில் இளஞ்சூடாக இருந்தால் அழுக்கும் கலங்கி ஒன்றாக வடியும். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு வரை ஓடிவந்த கையோடு நட்டைக் கழற்றினால் கை அவியும். அப்படிச் சூடேறிய வண்டியை அரை மணித்தியாலமாவது ஆற விடுங்கள். சைலன்சர் குழாய் அதைவிட நேரம் சூடாக இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வடித்தல்

முதலில் மேல் மூடியைத் தளர்த்துங்கள், முழுதாக எடுக்க வேண்டாம். காற்று உள்ளே போனால் ஒயில் குமுக் குமுக்கென்று துப்பாமல் ஒரே ஓட்டமாக இறங்கும். இறுகிப்போன மூடி திறக்கவே வராவிட்டால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. வடித்து முடித்த பிறகு தெரிந்தால் வண்டி ஒயில் இல்லாமல் நிற்கும்.

சரியான நட்டா என்று ரோச் அடித்து வடிவாகப் பாருங்கள். ஸ்கூட்டிகளில் பின்சில்லுப் பக்கம் கியர் ஒயிலுக்கென்று தனி நட்டு உண்டு. அதற்குள் இருப்பது 100 மில்லி அளவு. எஞ்சின் ஒயில் நட்டு என்று நினைத்து அதைக் கழற்றிவிட்டு, வடிந்தது குறைவாக இருக்கிறதே என்று மேலால் ஒரு போத்தலை விட்டால் எஞ்சினில் ஒயில் இரட்டிப்பாகும், கியர்ப் பெட்டி வெறுமையாக ஓடும். ஹொண்டா சி90 குடும்பத்துப் படுத்த எஞ்சின்களில் ஒயில் நட்டுக்குக் கிட்டவே, எஞ்சினுக்குள் ஓடும் செயினை இறுக்கி வைக்கும் டென்சனரின் நட்டும் அடியில் இருக்கும். தலை அளவு மாறி இருப்பதே அடையாளம். அதைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் கம்பியும் வெளியே வரும்.

கானை எப்போதும் நட்டுக்கு நேர் கீழேதான் வைப்பது என்றில்லை. நட்டு நேர் கீழே பார்த்திருந்தால் ஒயில் நேராக விழும். சரிவாகப் பார்த்திருந்தால் முதல் வேகத்தில் ஒரு சாண் தள்ளிப் பாய்ந்து, பிறகு மெல்ல மெல்லக் கிட்ட வந்து, கடைசியில் எஞ்சின் அடியைத் தடவிக்கொண்டு சொட்டும். அந்த இரண்டு முனையும் ஜன்னலுக்குள் அடங்கும்படி கானை வையுங்கள். ஒயில் விழும் பாதையில் சைலன்சர் குழாயோ சட்டமோ குறுக்கிட்டால், தடித்த பொலித்தீனை அல்லது பழைய பிளாஸ்ரிக் பைல் மட்டையை வாய்க்கால் போல மடித்து இடையில் சொருகுங்கள்.

ஸ்பனரால் கால் சுற்று, அரைச் சுற்று தளர்த்தியதும் ஸ்பனரை எடுத்துவிடுங்கள். இனிக் கையால். ஒரு சொப்பிங் பையைக் கையுறை போலப் போட்டு நட்டைப் பிடியுங்கள். திருகிக்கொண்டே மேல் நோக்கி இலேசாக அழுத்துங்கள். அழுத்திக்கொண்டிருக்கும் வரை மரை முடிந்தாலும் நட்டு துவாரத்தை அடைத்தபடியே இருக்கும், ஒயில் வராது. மரை முழுதாக விட்டதை விரல் உணர்ந்ததும் ஒரே இழுவையில் பக்கமாக எடுங்கள், நட்டைப் பிடித்தபடியே பையை மற்றக் கையால் உள்வெளியாகப் புரட்டுங்கள். நட்டும் வோசரும் ஊத்தையும் பைக்குள், கை சுத்தம். நட்டைக் கானுக்குள் விழவிட்டுப் பிறகு கறுத்த ஒயிலுக்குள் கை விட்டுத் தேடும் வேலையே இல்லை.

பத்து நிமிடம் வடிய விடுங்கள். கிக்கர் இருக்கும் வண்டியில் சாவியை மூடி வைத்துக்கொண்டு ஐந்தாறு தரம் மெதுவாகக் கிக்கரை அழுத்தினால் பம்பில் தங்கியதும் வரும். செல்ஃப் போட்டுச் சுற்ற வேண்டாம். டீசலோ மண்ணெண்ணெயோ உள்ளே விட்டு அலசும் பழக்கம் கராச்களில் இருக்கிறது. எங்கள் முடிவு, செய்யக்கூடாது. முழுதாக வடியாமல் உள்ளே தங்கும் டீசல் புது ஒயிலின் தடிப்பைக் குறைக்கும், அடியில் படிந்த கசடைப் பெயர்த்து ஒயில் பாதைக்குள் கொண்டுபோய் விடவும் கூடும்.

வடிகிற நேரத்தில் நட்டைப் பாருங்கள். காந்தம் வைத்த நட்டாக இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் பசை போல ஒன்று பிடித்திருக்கும். விரலுக்கிடையில் தேய்த்தால் நெருடாமல் மையாகப் போனால் அது சாதாரணத் தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் செதிலோ ஊசி போன்ற துண்டோ இருந்தால் உள்ளே கியர்ப் பல் அல்லது பெயாரிங் ஏதோ உடைகிறது, வண்டியை ஓட்டாமல் காட்டுங்கள். ஒயில் கறுத்திருப்பது பிழை அல்ல, அழுக்கைத் தாங்கிப் பிடிப்பதே அதன் வேலை. பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மாரியில் குளத்து வான் பாயும் பாதைகளைக் கடந்த வண்டிகளில் இதைக் காணலாம். அப்படியானால் இந்த ஒயிலை மாற்றி நூறு கிலோமீற்றர் ஓடி மறுபடியும் மாற்ற வேண்டும், எயார் பில்ரர் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். பெற்றோல் மணத்தோடு தண்ணீர் போல மெலிந்து, அளவும் கூடியிருந்தால் காபரேற்றர் நிரம்பி வழிந்து உள்ளே இறங்குகிறது. அதைத் திருத்தாமல் ஒயில் மட்டும் மாற்றினால் அடுத்த வாரமே புது ஒயிலும் அந்த நிலைக்கு வரும்.

பில்ரரும் வலையும்

எல்லா வண்டியிலும் காகிதப் பில்ரர் இல்லை. சில 100 சிசி எஞ்சின்களில் சுழன்று அழுக்கை ஒதுக்கும் ஒரு கிண்ணமும் கம்பி வலையும்தான். கிண்ணம் வலதுபக்கக் கவரைக் கழற்றினால்தான் தெரியும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதைத் தொட வேண்டியதில்லை. சில எஞ்சின்களில் வடிக்கும் நட்டே பெரிய மூடியாக இருக்கும். அதைத் திறந்தால் ஸ்பிரிங்கும் வலையும் ஒயிலோடு சேர்ந்து விழும். எது முதலில், எது பின்னால், வலையின் எந்தப் பக்கம் உள்ளே என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்தது கானுக்குள் கிடக்கும், ஊற்ற முன் எடுங்கள்.

காகிதப் பில்ரர் உள்ள வண்டியில் வலதுபக்க வட்ட மூடியைக் கழற்றும்போது மறுபடி ஒரு சிந்தல் வரும். அந்தக் குழிக்குள் நிற்கும் ஒயில் கவரால் வழிந்து சைலன்சர் குழாயில் இறங்கும். முழுதாக வடிந்த பிறகு வண்டியை சைட் ஸ்ராண்டில் இடப்பக்கம் சரித்துவிட்டு மூடியைத் திறந்தால் வழிவது நன்றாகக் குறையும். மிச்சத்துக்கு அந்தப் பைல் மட்டை வாய்க்கால். புது ஓ ரிங்கில் விரலால் புது ஒயில் பூசிவிட்டுப் பூட்டுங்கள். உலர்ந்த ஓ ரிங் முறுக்கிக்கொண்டு ஒழுகும். பழைய ஓ ரிங் கவரில் ஒட்டிக்கொண்டு நிற்க, அதன் மேல் புதியதையும் போட்டு இறுக்குவது இன்னொரு வழமையான பிழை.

பூட்டுதல்

வோசரைப் புதிதாகப் போடுங்கள். அலுமினியமோ செம்போ, அது நசிந்து இடைவெளியை அடைக்க வேண்டிய பொருள். ஒருமுறை நசிந்தது மறுமுறை அவ்வளவு நசியாது, ஒழுக்கை நிறுத்தவென்று கூட இறுக்க வேண்டி வரும், அங்கேதான் மரை போகிறது. நட்டு இரும்பு, எஞ்சின் அடி அலுமினியம். தோற்பது எப்போதும் அலுமினியம்.

நட்டை விரலால் மட்டும் நாலைந்து சுற்றுப் பூட்டுங்கள். விரலால் போகாவிட்டால் மரை கோணிப் பிடித்திருக்கிறது, எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இறுக்கும் அளவு இந்த வகை நட்டுகளுக்கு ஏறக்குறைய 25 நியூட்டன் மீற்றர். இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பனர் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 20 சென்ரிமீற்றர் நீள ஸ்பனரின் நுனியில், தண்ணீர் நிறைந்த 12 லீற்றர் வாளியைத் தொங்கவிட்டால் வரும் பாரம் எவ்வளவோ அவ்வளவு. வோசர் தொட்ட பிறகு கால் சுற்றுக்குக் கிட்ட வரும். காலால் மிதிப்பதோ ஸ்பனரில் குழாய் போட்டு நீட்டுவதோ வேண்டாம். வெள்ளைத் தண்ணீர்க்குழாய் டேப்பும் சுற்ற வேண்டாம். அதன் துண்டு பிய்ந்து உள்ளே போனால் வலையில் அடைக்கும்.

மரை ஏற்கெனவே போயிருந்தால், பசை பூசி ஒட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். லேத் பட்டறையில் ஒரு அளவு பெரிய மரை வெட்டிப் புது நட்டுப் போடலாம், அல்லது உள்ளே ஸ்பிரிங் போலச் சுருண்ட கம்பி மரை இறக்கலாம். இரண்டாவது நீடித்து நிற்கும். எது செய்தாலும் அலுமினியத் தூள் உள்ளே தங்காதபடி கழுவச் சொல்லிக் கேளுங்கள்.

புது ஒயில்

போத்தலின் சீல் உடையாமல் இருக்கிறதா பாருங்கள். ஊற்றும்போது அனேகமானோர் வாயைக் கீழ்ப்பக்கமாக வைத்துச் சரிப்பார்கள், காற்று உள்ளே போக வழியில்லாமல் ஒயில் குதித்து எஞ்சின் மேல் சிந்தும். போத்தலைப் பக்கவாட்டில் திருப்பி, வாய் மேல்பக்கமாக வரும்படி பிடித்துச் சரித்தால் ஒயில் வாயின் அடிப்பாதியாலும் காற்று மேல்பாதியாலும் போய் வரும். சத்தம் கூட இல்லாமல் இறங்கும். புனலைப் பாவிக்க முன் உள்ளே துடையுங்கள், மண்ணெண்ணெய்க்குப் பாவித்த புனல் வேண்டாம்.

சொன்ன அளவில் பத்தில் ஒன்பது பங்கை முதலில் விடுங்கள். மூடியைப் பூட்டி மூன்று நிமிடம் ஐடிலில் ஓட விட்டு, நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, வண்டி நிமிர்ந்து நிற்க அளவு பாருங்கள். அளவுக் கம்பியைத் துடைத்து விட்டுப் பார்க்கும்போது சில வண்டிகளில் திருகாமல் சும்மா வைக்க வேண்டும், சிலதில் திருக வேண்டும். ஹொண்டா வகைகளில் திருகுவதில்லை. மாறிப் பார்த்தால் கம்பி இறங்கும் ஆழம் மாறி நூறு மில்லி வரை பிழைக்கும். கண்ணாடி வட்டம் உள்ள எஞ்சினில் இரண்டு கோட்டுக்கு இடையில் நின்றால் சரி. மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பது எங்களுக்கு விருப்பம்.

கூடிவிட்டதா? அடி நட்டை மறுபடி தொட வேண்டாம். சிறிஞ்சில் சேலைன் குழாயைச் சொருகி மேல் துவாரத்தால் இறக்கி 50 மில்லி, 50 மில்லியாக இழுத்து எடுங்கள். கூடிய ஒயிலை அப்படியே விட்டால் சுழலும் பாகங்கள் அதை அடித்து நுரைக்க வைக்கும், நுரையைப் பம்பால் ஒழுங்காகத் தள்ள முடியாது, எஞ்சினுக்குள் அழுத்தமும் கூடிச் சீல்களால் ஒழுகத் தொடங்கும்.

கடைசியாக எஞ்சின் ஓடும்போது அடி நட்டில் உலர்ந்த விரலை வைத்துப் பாருங்கள். 50 கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடியும் ஒருமுறை.

பழைய ஒயில்

கானின் வாயால் புனல் வைத்து, வெறுமையான ஒயில் போத்தல் ஒன்றுக்குள் ஊற்றுங்கள். மூடியை இறுக்கி, “பழைய ஒயில்” என்று மாக்கரால் எழுதுங்கள். சோடாப் போத்தலில் விட்டு விறாந்தையில் வைக்க வேண்டாம், பிள்ளைகள் எடுப்பார்கள்.

வேலிக் கட்டைக்கும் கூரைச் சிலாகைக்கும் கறையானுக்கென்று பழைய ஒயில் பூசுவது இங்கே காலங்காலமாக உள்ள வழக்கம். பூசிய கட்டையில் இருந்து அடுத்த மாரிக்கே ஒரு பங்கு கழுவுண்டு நிலத்தில் இறங்குகிறது. எஞ்சினில் எரிந்த ஒயிலில் புற்றுநோய் தரக்கூடிய சேர்மங்களும் தேய்ந்த உலோகமும் இருக்கின்றன, தோலில் படுவதும் நல்லதல்ல. கிணறு உள்ள வளவுக்குள் இதைச் செய்ய வேண்டாம். சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவு ஒயில் நிலத்தடி நீரில் கலந்து வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கிணறுகளை அந்தப் பணம் பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஒரு வீட்டின் ஒரு லீற்றர் அந்த அளவு இல்லைத்தான், ஆனால் ஒரு ஒழுங்கையில் எத்தனை மோட்டார் சைக்கிள் நிற்கிறது என்று பாருங்கள்.

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, வவுனியா எங்கே போனாலும் சேர்விஸ் ஸ்ரேசன்களில் பழைய ஒயிலைப் பீப்பாயில் சேர்த்து, எடுக்க வருபவர்களுக்குக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று மாற்றம் சேர்ந்ததும் கேட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். தண்ணீரோ பெற்றோலோ அதோடு கலக்க வேண்டாம், கலந்தால் வாங்கமாட்டார்கள். சிந்திய இடத்தில் போட்ட மரத்தூளையும், ஒயில் ஊறிய மணல் இருந்தால் அதையும் மண்வெட்டியால் அள்ளி ஒரு பையில் கட்டுங்கள், அடுப்பில் போட வேண்டாம். மிஞ்சும் வெறும் போத்தலைக் கத்தியால் கீறிவிட்டு எறியுங்கள். கீறாத போத்தல் போலி ஒயில் நிரப்புபவர்களுக்குப் போய்ச் சேரும்.

புழுதியைப் பற்றி ஒன்று. நெல் வெட்டும் காலத்தில் வயற்பாதைகளில் ஓடும் வண்டிக்கு ஒயிலை அடிக்கடி மாற்றுகிறார்கள், எயார் பில்ரரைத் திறந்தே பார்ப்பதில்லை. எஞ்சினுக்குள் மண் போகும் பெரிய வாசல் அதுதான். அதற்குள் மண் இருந்தால் புது ஒயிலும் சில நாளில் அரைக்கும் பசையாகிவிடும். ஒயில் மாற்றும் அன்றே அதையும் கழற்றிப் பாருங்கள். ஸ்பொஞ் வகையென்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி முழுதாக உலர்த்தி ஒயில் தடவிப் பிழிந்து போடலாம். காகித வகையைக் கழுவக்கூடாது, தட்டலாம், அடைத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு பிளாஸ்ரர் துண்டில் எழுதி சீற்றுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். காற்றால் குளிரும் சின்ன எஞ்சின்கள் ஓட ஓடக் கொஞ்சம் ஒயில் குடிக்கும். ஒரு லீற்றரில் 200 மில்லி குறைந்தால் அது ஐந்தில் ஒரு பங்கு. மாதத்தில் இரண்டு தரமாவது அளவுக் கம்பியைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கிட்ட நின்றால் 50 மில்லி விட்டுப் பார்த்து, தேவையென்றால் இன்னும் 50. போத்தலில் மிஞ்சிய புது ஒயில் அதற்குத்தான், மூடியை இறுக்கி வெயில் படாத இடத்தில் வையுங்கள்.